கன்று நட்டால் கணக்கு தீருமா?

ஜூலை வந்தால் தில்லி அச்சகங்களின் வாசலில் மரம் நடு விழா. ஆனால் காகிதத்தின் வரவு செலவு எழுதப்படுவது வேறு இடத்தில்.

ஜூலை பிறந்து முதல் மழை இறங்கியதும் தில்லிக்குக் கன்று நடும் காய்ச்சல் வந்துவிடுகிறது. அமைச்சகங்கள், பள்ளிகள், ராணுவக் குடியிருப்புகள் என்று பரவும் இந்தக் காய்ச்சல் நாராயணா, ஓக்லா தொழிற்பேட்டைகளின் அச்சகங்களையும் விடுவதில்லை. வாசலில் ஒரு குழி. நர்சரியிலிருந்து வந்த வேம்போ நாவலோ. புத்தம்புது பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். முதலாளி, வங்கி மேலாளர், இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள், ஒரு புகைப்படக்காரர். காகிதத்தை நம்பிப் பிழைக்கும் தொழில் மரத்துக்குக் கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனில் இது ஒரு தவணை என்பது விழாவின் தாத்பரியம். அதே நேரத்தில் உள்ளே நான்கு வண்ண ஆஃப்செட் இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்கும். மை சமன்பட்டு, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதற்குள் சில நூறு தாள்கள் கழிவாகி மூலையில் சேர்ந்திருக்கும். அந்த மூலையை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை.

நல்லெண்ணத்தைக் கேலி செய்வது சுலபம். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊரில் நிழல் தரும் எந்தக் கன்றும் வீண் அல்ல. ஆனால் கன்று நடுவதையே அச்சுத் தொழிலின் சுற்றுச்சூழல் கடமையாக எண்ணிக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

இந்த வழக்கத்தின் தொட்டிலே தில்லிதான். 1947 ஜூலை 20 முதல் 27 வரை, சுதந்திரத்துக்கு மூன்று வாரங்களே இருந்த கொந்தளிப்பான நாட்களில், தில்லியின் துணை ஆணையராக இருந்த எம்.எஸ். ரந்தாவா மரம் நடும் வாரம் ஒன்றை நடத்தினார். ஐ.சி.எஸ். அதிகாரியான அவர் தாவரவியலும் கற்றவர். 1950இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி அதற்கு ‘வன மகோத்சவம்’ என்று பெயர் சூட்டி, ஜூலை முதல் வாரத்தை நாடு முழுவதற்குமான விழாவாக்கினார். 2024 ஜூன் 5ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தில்லி புத்த ஜெயந்திப் பூங்காவில் அரசங்கன்று ஒன்றை நட்டு, தாயின் பெயரில் ஒரு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஆட்சிகள் மாறினாலும் மண்வெட்டி கைமாறிக்கொண்டே இருக்கிறது.

நட்டது எல்லாம் நன்மையில் முடிந்ததா என்றால், இல்லை. தில்லிக்கு மேற்கே முதுகெலும்பு போல ஓடும் ஆரவல்லிக் குன்றுத் தொடரை இங்கே ‘ரிட்ஜ்’ என்பார்கள். புதுதில்லி உருவான காலத்தில் அதைச் சீக்கிரம் பச்சையாக்க ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த மரம் ‘விலாயதி கீகர்’. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை: நம் சீமைக்கருவேலமேதான். விறகுக்கு உதவும், வறட்சியைத் தாங்கும், ஆடு கடிக்காது என்று கொண்டுவரப்பட்டது, உள்ளூர் மரங்களை ஓரங்கட்டிவிட்டு ரிட்ஜ் முழுவதையும் வளைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. தில்லியில் கீகரின் இடத்தில் பழைய ஆரவல்லி இனங்களை மெல்ல மீட்கும் வேலையைப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் தில்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரது குழுவினரும் பல்லுயிர்ப் பூங்காக்கள் வழியே செய்துவருகிறார்கள். எதை, எங்கே நடுவது என்ற கேள்விக்கு எத்தனை என்ற கேள்வியைவிட மரியாதை அதிகம் தரப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எத்தனை என்ற கேள்விக்காவது ஒழுங்காகப் பதில் இருக்கிறதா? மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தில்லியில் 1994லிருந்தே தனிச் சட்டம் உண்டு. ஆனால் 2014 முதல் 2017 வரை தலைநகரில் வெட்டப்பட்ட 13,018 மரங்களுக்கு ஈடாக நட வேண்டியிருந்த 65,090 கன்றுகளில் நட்டவை 21,048 மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சொன்னது. சட்டப்படி நட வேண்டிய கன்றுகளுக்கே இந்தக் கதி என்றால், விழாவுக்காக நட்டவற்றை அடுத்த மே மாதம் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?

சரி, அச்சகத்து வாசல் வேம்பு பிழைத்துக்கொண்டது என்றே வைப்போம். நூறாண்டு வாழட்டும். ஆனால் அது ஒருபோதும் காகிதமாகப் போவதில்லை. அந்த அச்சகம் அன்றாடம் விழுங்கும் காகிதத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்தக் காகிதம் எங்கிருந்து வருகிறது?

சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் தலைமுறையில் விடை மூங்கில். அரசுகள் காகித ஆலைகளுக்குக் காட்டு மூங்கிலை டன்னுக்கு ஓரிரு ரூபாய் என்ற அடிமாட்டு விலைக்குத் தாரை வார்த்தன. அதே மூங்கிலைக் கூடை முடைபவர்கள் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். கர்நாடகக் காடுகளில் மூங்கில் ஏன் அழிகிறது என்று 1970களில் ஆராயப் போன சூழலியலாளர் மாதவ் காட்கிலுக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது. மூங்கில் புதரின் அடியில் இயற்கையாகவே ஒரு முள்வேலி இருக்கும். குருத்து நன்றாக வளரட்டும் என்று அந்த முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். விளைவு, மாடும் காட்டு விலங்கும் குருத்தைத் தின்று தீர்த்தன. முள்ளைத் தொடாதீர்கள் என்பது உள்ளூர்க் கிராமத்தார் அறிந்த பாடம். அதிகாரிகளின் விதிமுறைகளுக்குத்தான் அது தெரியவில்லை.

1988இன் தேசிய வனக் கொள்கை இந்த மலிவு விலைச் சலுகைக்கு முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. காட்டை நம்பாதீர்கள், விவசாயிகளோடு கைகோத்து உங்கள் மரத்தை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆலைகளுக்குச் சொன்னது. 1996 டிசம்பரில் கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காட்டு மரத்தின்மேல் கை வைப்பதை மேலும் கடினமாக்கியது. அதன் பலனை இன்று கடலூர், விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் போனாலே பார்க்கலாம்: வரிசை பிடித்து நிற்கும் சவுக்கு. ஆந்திரத்தில் சவுண்டலும் தைலமரமும். சில ஆண்டுகளில் அறுவடை, பிறகு மறுபடி நடவு. ஆகவே உங்கள் கையிலுள்ள நோட்டுப் புத்தகத்துக்காக வெட்டப்பட்டது காட்டு மரம் என்பதைவிட, கரும்பைப் போல ஒரு பயிர் என்பதே உண்மைக்கு நெருக்கம். பயிர் என்றாலே தண்ணீர், நிலம், விலை வீழ்ச்சி என்ற பயிரின் கவலைகளும் கூடவே வரும்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தியக் காகித உற்பத்தியில் சுமார் முக்கால் பங்குக்கு மூலப்பொருள் மரமே அல்ல, பழைய காகிதம். மிச்சத்தில்தான் மரமும், கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவும். செய்தித்தாள் காகிதம் தனிக்கதை: அதில் பாதிக்கு மேல் இறக்குமதி. பகதூர்ஷா ஜாஃபர் மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு நாளிதழின் தாளில் ரஷ்யாவின் அல்லது கனடாவின் ஊசியிலை மரம் இருக்கலாம். 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது இந்தியப் பத்திரிகைகளின் காகிதச் செலவு எகிறியது அதனால்தான்.

ஒரு டன் காகிதத்துக்கு 17 மரம் என்ற வாசகத்தை மரம் நடு விழாக்களில் தவறாமல் கேட்கலாம். எந்த மரம், எவ்வளவு பருமன், எந்த முறையில் கூழாக்கியது என்று சொல்லாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மரத்தை இயந்திரத்தில் அரைத்துச் செய்யும் கூழில் ஏறக்குறைய முழு மரமும் காகிதமாகும். ரசாயனத்தில் வேகவைத்தால் சுமார் பாதிதான் தேறும். நாலு வயதுச் சவுக்கும் நாற்பது வயதுத் தேவதாருவும் ஒரே எண்ணிக்கையில் அடங்காது. இருந்தும் இந்த 17 சாகாவரம் பெற்றிருக்கிறது, காரணம் அதை மேடையில் சொல்ல வசதி. 17 வெட்டினோம், 20 நட்டோம், பாக்கி மூன்று நம் புண்ணியக் கணக்கில்.

உண்மையான கணக்கு அச்சகத்துக்குள்ளே, வேலை ஆணை எழுதும் மேஜையில் இருக்கிறது. டெம்மி அளவில் 200 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 தாள். 80 ஜிஎஸ்எம் காகிதத்தில் அச்சிட்டால் உள்தாள்கள் மட்டும் சுமார் 240 கிராம். 70 ஜிஎஸ்எம் என்றால் 210. வாசகர் கையில் 30 கிராம் வித்தியாசம் தெரியாது. ஒரு லட்சம் பிரதிகள் அச்சாகும் பாடப் புத்தகமாக இருந்தால் அந்த 30 கிராம் 3 டன். ரசாயனக் கூழ் வழியே பார்த்தால் 6 டன் உலர்ந்த மரம். அச்சகத்தின் வாசலில் எத்தனை குழி தோண்டினாலும், ஆணைப் படிவத்தில் ஓர் எண்ணை மாற்றியதற்கு அது ஈடாகாது. மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து தெரியுமே என்பது நியாயமான ஆட்சேபம்தான். அதற்கு வெண்மையை அல்ல, ஒளி ஊடுருவாத தன்மையைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் வெண்மைக்குத்தான் நம் ஊரில் மவுசு. அந்த வெண்மைக்காகக் கூழை வெளுக்கும் ரசாயனம் எந்த ஆற்றில் கலக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அச்சகத்தின் மற்றப் பாவங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆஃப்செட்டில் தகட்டை நனைக்கும் நீரில் சேர்க்கும் ஆல்கஹாலும், உருளைகளைத் துடைக்கும் கரைப்பான்களும் ஆவியாகித் தொழிலாளியின் நுரையீரலுக்கும் தில்லியின் காற்றுக்கும் போகின்றன. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் சுத்தம் என்று சொல்ல முடியாது. தாவர எண்ணெய் மைகளும், ஆல்கஹால் இல்லாத முறைகளும் வந்திருக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல் என்பதால் வாடிக்கையாளர் கேட்டால்தான் அச்சகத்தார் தருவார். பிழை திருத்தும் படிகளைத் திரையிலேயே பார்த்தால் காகிதம் மிச்சம் என்ற யோசனையும் உண்டு. அது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் ஒற்று மிகுந்ததும் மிகாததும் தாளில்தான் கண்ணில் படுகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பிடிவாதமான நம்பிக்கை.

சாவ்ரி பஜாருக்குப் போனால் இன்னொரு முகம் தெரியும். பழைய தில்லியின் இந்தக் காகிதச் சந்தையில் ரீம்களைச் சுமந்த கைவண்டிகளுக்கு நடுவே கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக மின்னுகின்றன. பொன்னிறத் தகடு, வெல்வெட், பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு, உள்ளே ஒரு பெட்டி, பெட்டிக்குள் இனிப்பு. ஒரு நாள் விசேஷத்துக்கான இந்த அழைப்பிதழைக் கபாடிவாலாகூடச் சந்தோஷமாக வாங்க மாட்டார். பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும் ஒட்டிய அட்டையைக் கூழாக்குவது பெரும்பாடு. அச்சகத்து வெட்டு ஓரங்களுக்கு, அதாவது மை படாத வெள்ளைத் துண்டுகளுக்கு, பழைய பேப்பர் சந்தையில் நல்ல விலை. இந்த ஆடம்பர அட்டைகளோ பெரும்பாலும் குப்பை மேட்டுக்கே போய்ச் சேருகின்றன. சில பத்திரிகைகளில் ‘இந்தத் தாளில் விதை உள்ளது, மண்ணில் நடுங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். மும்பையில் ஒன்பதாவது மாடியில் வசிக்கும் அத்தை அதை எங்கே நடுவார் என்று தெரியவில்லை.

காகிதத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்திய இரண்டு காரியங்கள் தலைநகரில் நடந்தன. இரண்டிலும் ஒரு கன்றுகூட நடப்படவில்லை. முதலாவது, மத்திய அரசிதழ். 2015 அக்டோபர் 1 முதல் அதை அச்சிடுவதை நிறுத்தி, மின்வடிவில் மட்டும் வெளியிடத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 90 டன் காகிதம் மிச்சமாகும் என்று அரசு அப்போது மதிப்பிட்டது. இரண்டாவது, உச்ச நீதிமன்றம். பச்சை நிற லீகல் தாளில் ஒரு பக்கம் மட்டும், இரட்டை இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது நம் நீதிமன்றங்களின் மரபு. மனுவோ நூற்றுக்கணக்கான பக்கம். ஒவ்வொரு நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒவ்வொரு கட்டு. 2020இல் உச்ச நீதிமன்றம் ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டால் போதும் என்று மாற்றியது. ஏ4 தாள் லீகல் தாளைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறியது. இருபுறமும் என்றால் அதிலும் பாதி. ஒரே ஒரு சுற்றறிக்கை. எந்த வன மகோத்சவத்தாலும் இந்த வேகத்தில் மரத்தைக் காப்பாற்ற முடியாது.

ஆனால் அச்சு குறைவது என்பது சோறு குறைவதும்தான். மத்திய அரசின் 17 அச்சகங்களை ஐந்தாகச் சுருக்க 2017 செப்டம்பரில் அமைச்சரவை முடிவெடுத்தது. தில்லியில் மூன்று, நாசிக், கொல்கத்தா ஆகியவை தங்கின. கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த அச்சகம் நாசிக்கோடு இணைக்கப்பட்டோரின் பட்டியலில் சேர்ந்தது. ஆட்குறைப்பு இல்லை என்று அரசு சொன்னது. அந்த முடிவு நவீனமயத்துக்காக எடுத்ததே தவிர மரத்துக்காக அல்ல. என்றாலும், கோயம்புத்தூரில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட ஓர் அச்சுக்கோப்பாளரின் மகன் அதே வேலைக்கு இனி வரப்போவதில்லை. காகிதத்தைக் குறையுங்கள் என்று எழுதும் எவரும் இந்த வரியையும் சேர்த்து எழுதுவதுதான் முறை.

மறுசுழற்சி என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. தில்லி அச்சகங்களுக்குக் காகிதம் அனுப்பும் ஆலைகளில் பல உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் பகுதியில் இருக்கின்றன. கரும்புச் சக்கையும் பழைய காகிதமும் அவற்றின் உணவு. மரம் தப்பித்தது, நல்லது. ஆனால் வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கழிவுத்தாளோடு பிளாஸ்டிக்கும் கலந்து வருகிறது. அதை எரிபொருளாக்கி எரிக்கிறார்கள் என்று சுற்றுவட்டார மக்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். நம் தெருவில் கபாடிவாலா பிரித்து எடுக்கும் காகிதம் இதைவிடச் சுத்தம். ஒரு காகித இழையை ஐந்தாறு தடவை மறுபடி பயன்படுத்தலாம். அதன் பிறகு அது தேய்ந்துபோகும். நல்ல இழையை வீணாக்காமல் முதல் சுற்றிலேயே திரும்பக் கொண்டுவருபவர் சைக்கிள் வண்டியில் தராசோடு வரும் அவர்தான். மரம் நடு விழாவுக்கு இதுவரை அவரை யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

சுற்றுச்சூழலுக்காக என்று சொல்லாமலே நம் வீடுகளில் நடந்துவந்த ஒரு வழக்கமும் உண்டு. அண்ணன் படித்த பாடப் புத்தகத்தைத் தம்பிக்கும், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் அட்டை போட்டுக் கொடுப்பது. கேந்திரிய வித்யாலயாக்களில் புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களைக் கீழ் வகுப்பினருக்குப் பரிசளிப்பதை ‘புஸ்தகோபஹார்’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். ஒரு புத்தகம் மூன்று வருடம் உழைத்தால் இரண்டு புத்தகத்தின் காகிதம் மிச்சம். பாடத்திட்டத்தை அடிக்கடி மாற்றாமல் இருந்தால்தான் இது நடக்கும்.

தமிழ் மரபில் மரத்தோடு உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது தலமரத்தைச் சொல்லாமல் இருக்க மாட்டோம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மா, மதுரைக்குக் கடம்பு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததே ஒரு மரம்தான். சங்க காலத்து அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. பகைவன் அதை வெட்டினால் மானம் போயிற்று. கவனித்தால் ஒன்று புரியும். இவையெல்லாம் நடும் மரபுகள் என்பதைவிட, வெட்டாத மரபுகள். எழுத்துக்கும் அப்படித்தான். பனையிலிருந்து ஓலையை மட்டும் எடுத்தார்கள், பனை நின்றது. ஏடு, இதழ், மடல், ஓலை என்று எழுத்தோடு தொடர்புள்ள நம் சொற்கள் எல்லாமே செடியின் உறுப்புகள். ‘தாள்’ என்பதும் நெற்பயிரின் தண்டுதான். காகிதம் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே நம்மிடம் இருந்தது.

நெல்தாள் என்றதும் தில்லிவாசிக்கு நவம்பர் மாதத்துப் புகை நினைவுக்கு வரும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடைக்குப் பின் கொளுத்தப்படும் அதே தாள். அதைக் காகிதமாக்கினால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். தடை இருக்கிறது: நெல்தாளில் சிலிக்கா அதிகம். கூழாக்கிய பின் மிஞ்சும் கறுப்புத் திரவத்திலிருந்து ரசாயனங்களைத் திரும்ப எடுக்கும் வேலையை அது கெடுத்துவிடும். அதனால்தான் ஆலைகள் கோதுமைத் தாளை விரும்புகின்றன. கோதுமைத் தாளோ மாட்டுத் தீவனம். அதைக் கொளுத்துவது குறைவு. தமிழ்நாட்டில் இதே போன்ற ஒரு முடிச்சை அவிழ்த்தது கரூர் அருகே காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலனில் எரித்துவந்த கரும்புச் சக்கையைக் கேட்டு வாங்கி, அதற்கு ஈடாக நிலக்கரியில் நீராவி தயாரித்துக் கொடுத்தது. உற்பத்தி 1984இல் தொடங்கியது. மரத்துக்குப் பதில் நிலக்கரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் சக்கை காகிதமாயிற்று. நெல்தாளுக்கு அப்படி ஒரு பேரம் இன்னும் பெரிய அளவில் படியவில்லை.

அச்சடிக்கக் கொடுப்பவர்கள் செய்யக்கூடியது இவ்வளவு: எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்பது. 1993இல் உருவான எஃப்எஸ்சி அமைப்பின் முத்திரை இருந்தால், நூறு சதம் சான்று பெற்ற காட்டிலிருந்தா, கலப்பா, மறுசுழற்சியா என்பது முத்திரையிலேயே இருக்கும். ஐரோப்பாவுக்குப் புத்தகம் அச்சிட்டு அனுப்பும் தலைநகர் வட்டார அச்சகங்களுக்கு இது அத்துப்படி. அங்குள்ள பதிப்பாளர்கள் கேட்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு பிளாஸ்டிக் பூச்சு வேண்டாம் என்பது. மரமே வேண்டாம் என்றால் ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் ‘காக்ஜி’ என்றே பெயர் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாகக் கைக்காகிதம் செய்கின்றன. அவர்கள் தொட்டியில் கலக்குவது மரக்கூழ் அல்ல, பின்னலாடைத் தொழிற்சாலைகள் வெட்டி எறிந்த பருத்தித் துண்டுகள்.